தொடும்வரை அசையக் கூடாது

வியாழக்கிழமை காலை ஐந்து இருபத்திரண்டுக்கு ஹபீஸாவின் போன் வந்தது. சாந்தாமணி அதற்குள் குளித்து, புடவை கட்டி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, வாசல் கதவருகே தயாராக நின்றிருந்தாள். எதிர் வீட்டு ஹபீஸா காரை எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான் பாக்கி.

"அக்கா, மன்னிச்சிருங்க. பாப்பா ஆஃபீஃபாவுக்கு நூத்தி மூணு ஃபீவர். வாமிட் நிக்கவே இல்ல. அவளை விட்டுட்டு என்னால டிரைவ் பண்ண முடியாது."

சாந்தாமணி பரவாயில்லை என்றாள். காய்ச்சலுக்கு டைலனால் கொடுத்தாயா என்று கேட்டாள். டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்பதரை மணிக்கு அவள் ஓக்லஹோமாவில் ஒரு புல்வெளியில் இருக்க வேண்டும். டெக்ஸாஸ் ரிச்சர்ட்சனிலிருந்து அது மூன்று மணி நேர ஓட்டம். ராணுவ முகாம் என்பதால் கேட்டில் சோதனைக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்தப் புல்வெளியில் அவள் மகள் மாளவிகா நிற்பாள். பத்து வாரப் பயிற்சி முடிந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களோடு வரிசையில், விறைப்பாக.

அங்கே ஒரு வழக்கம். குடும்பத்தார் வந்து தோளைத் தொடும்வரை சிப்பாய் அசையக் கூடாது. கண்ணைத் திருப்பக் கூடாது, சிரிக்கக் கூடாது. தொட்ட பிறகு அவள் மறுபடி வீட்டுப் பெண். அதுவும் அன்று இரவு எட்டு மணி வரைதான். மறுநாள் அணிவகுப்பு, அது முடிந்ததும் பஸ், சான் அன்டோனியோவில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றும் மருத்துவப் பயிற்சி. அதற்குப் பிறகு எந்த நாடு, எந்தப் பாலைவனம் என்று யாருக்கும் தெரியாது.

யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மாளவிகாவே கடிதத்தில் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில். 'அம்மா, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு நீ வர வேண்டாம். ஆள் இல்லாதவர்களை வேறு யாருடைய குடும்பமாவது தொட்டுவிடும். அதெல்லாம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.'

பெரிய விஷயம் இல்லை என்ற அந்த ஒரு வரிதான் சாந்தாமணியை மூன்று வாரமாகத் தின்றுகொண்டிருந்தது.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது, பன்னிரண்டு வருஷமாக. டேகேர் வேலைக்கு, கடைக்கு, நூலகத்துக்கு என்று ஊருக்குள் ஓட்டுவாள். ஃப்ரீவேயில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஏற வேண்டிய இடம் வந்தால் கணவர் நஞ்சுண்டன் ஓட்டுவார். அவர் இப்போது மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

மகள் கிளம்பிப்போய், அவளை அவர் மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளத் தொடங்கி எழுபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

நஞ்சுண்டன் உடுமலைக்காரர். டெலிகாம் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. தன் வீட்டில் உடைந்ததை மட்டும் கடைசி ஆளாகத்தான் தெரிந்துகொண்டார். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண், படிப்பை நிறுத்திவிட்டு ராணுவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாள். அவர் கத்தவில்லை. ரசம் ஊற்றிய சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அப்படிப் போறதுன்னா, இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருந்தான்னே நான் மறந்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றே காலுக்கு, ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரின் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. நல்ல ராகு காலம். நஞ்சுண்டன் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

ஏன் போனாள் என்பது சாந்தாமணிக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் டெக்ஸாஸ் மொத்தமும் உறைந்துபோய், கரண்ட் இல்லாமல், குழாய் வெடித்துக் கிடந்த பிப்ரவரியில், அவர்கள் அப்போது இருந்த அபார்ட்மென்ட் வாசலில் ஒரு ராணுவ லாரி நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் சிப்பாய், மாளவிகாவைவிட ஒரு சாண்தான் உயரம், மூன்றாம் மாடியில் விறைத்துக் கிடந்த ஒரு கிழவரைத் தோளில் போட்டுப் படியிறங்கினாள். டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் போனது பதினைந்து வயது மாளவிகா. அன்றைக்குத் திரும்பி வந்த பெண்ணின் முகத்தை சாந்தாமணி பார்த்தாள். எங்கிருந்தோ யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது அந்த முகம்.

அந்த முகத்தை அதற்கும் முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் 'மெழுகு மியூசியம்' என்று ஒரு நாள் வைப்பார்கள். பிள்ளைகள் சரித்திர மனிதர்களின் வேஷத்தில் பொம்மைபோல் அசையாமல் நிற்க வேண்டும். புறங்கையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் அதை அழுத்தினால் பொம்மைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும். மாளவிகா எடுத்தது ஜோன் ஆஃப் ஆர்க். அறுநூறு வருஷத்துக்கு முன் பிரான்சில் ஒரு குக்கிராமத்துப் பெண். படிப்பில்லை. பதின்மூன்று வயதில் தெய்வத்தின் குரல் கேட்டது என்றாள். பதினேழில் கவசம் போட்டுக் குதிரையேறிப் படை நடத்தினாள்.

கவசம் செய்துகொடுத்தவர் நஞ்சுண்டன். ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, மூன்று ரோல் அலுமினியத் தாளைச் சுற்றி, தோளுக்குத் தனியாக, முழங்கைக்குத் தனியாக மடங்குகிற மாதிரி வைத்து, போட்டு நடக்கவிட்டு டெஸ்ட் பண்ணினார். மியூசியத்தில் ஏழு முறை அந்த ஸ்டிக்கரை அழுத்தினார். பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று டீச்சர் சொல்லும்வரை.

ஏழு முறையும் அவள் ஒரே மாதிரி சொன்னாள். நான் ஜோன். நான் படைவீரர்களோடு போய்விடுவதாக என் அப்பா கனவு கண்டார். அப்படி நடந்தால் அவளை ஆற்றில் மூழ்கடித்துவிடுங்கள் என்று என் அண்ணன்களிடம் சொன்னார். நான் போனேன், ஜெயித்தேன், அரசனுக்கு முடி சூட்டினேன். பிறகு என்னை எரித்துவிட்டார்கள். இப்போது நான் புனிதர். வந்ததற்கு நன்றி.

"பெத்த புள்ளையத் தண்ணியில தள்ளச் சொல்றானே, இவனெல்லாம் ஒரு அப்பனா?" என்று காரில் வரும்போது சிரித்தவர் நஞ்சுண்டன்.

மாளவிகா போன பிறகு சாந்தாமணி நூலகத்தில் அதே படப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். மூன்று முறை ரினியூ பண்ணிவிட்டாள். டேகேரில் குழந்தைகள் தூங்கும் மதிய நேரத்தில் பிரித்து வைத்துக்கொள்வாள். தீ எரிகிற பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் சேர்த்துப் புரட்டிவிடுவாள். குதிரை, கொடி, கோட்டை எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. அந்தப் பெண் கிளம்பிப்போன அன்று வீட்டில் அவள் அம்மா என்ன செய்தாள் என்பதற்குப் படம் இல்லை. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி மட்டும். மகள் எரிந்து இருபத்து நாலு வருஷம் கழித்து, அந்தத் தாய் பாரிஸுக்குப் போய்ப் பெரிய தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, என் மகள் குற்றவாளி இல்லை, விசாரணையைத் திருப்பி நடத்துங்கள் என்று கேட்டாளாம். நடத்தினார்களாம்.

இன்னொரு வரியும் இருந்தது. அதைப் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுத் தமிழில் சொன்னாள். "ஆத்துல தள்ளச் சொன்ன அந்த அப்பனும், முடிசூட்டு நடந்த ஊருக்குப் போயி மகளைப் பாத்தானாமுங்க." நஞ்சுண்டன் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக் கழுவினார்.

மணி ஐந்து நாற்பது. சாந்தாமணி முடிவு செய்துவிட்டாள். அந்த அம்மா இருபத்து நாலு வருஷம் கழித்துப் பாரிஸுக்குப் போயிருக்கிறாள். நான் மூன்று மணி நேரம் ஓட்ட மாட்டேனா?

முதலில் எதிர் வீட்டுக்குப் போக வேண்டும். முறுக்கு டின் ஹபீஸாவின் காரில் இருந்தது.

முறுக்குக்கும் ஒரு கதை உண்டு. பயிற்சியின் மூன்றாம் வாரம், தெரியாத்தனமாக, தேங்காய்ப்பால் முறுக்கும் பருப்புப் பொடியும் பார்சல் போட்டுவிட்டாள். பயிற்சியில் வெளிச் சாப்பாடு கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. மாளவிகாவின் கடிதம் வந்தது. டிரில் சார்ஜென்ட் அவளை நடுவில் நிறுத்தி, முறுக்கை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, இது என்ன ஆயுதம் என்று விளக்கச் சொன்னாராம். விளக்கி முடித்ததும் ஐம்பத்தெட்டுப் பேரும் தரையில் விழுந்து, அவர் போதும் என்கிறவரை தண்டால் எடுத்தார்களாம். பொட்டலம் குப்பைக்குப் போனது. 'நான் தண்டால் எடுக்கும்போது எனக்கு வாசனை வந்தது அம்மா' என்று எழுதி, அந்த வரியை அடித்திருந்தாள். அடித்தது சரியாக மறையவில்லை.

அப்பா பேர் பற்றியும் அதே கடிதத்தில் இருந்தது. தமிழ்க் குடும்பங்களில் எல்லாரும் செய்வதுபோல், அப்பா பேரையே மகளுக்குக் கடைசிப் பேராகப் போட்டிருந்தார்கள். ராணுவத்தில் கடைசிப் பேர்தான் பேர். சட்டையில் தைத்திருப்பதும் அதுதான். 'நாள் முழுக்க நஞ்சுண்டன், நஞ்சுண்டன் என்றுதான் கத்துகிறார்கள். யாருக்கும் வாயில் நுழையவில்லை. இப்போது எல்லாரும் சுருக்கி நாச்சோ என்கிறார்கள், அந்தச் சோளச் சிப்ஸ் பேர் மாதிரி.'

அந்தக் கடிதத்தை சாந்தாமணி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். நஞ்சுண்டன் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

ஹபீஸா கதவைத் திறந்தாள். தோளில் குழந்தை, கண்ணில் தூக்கம். கராஜுக்குள் போய் டின்னை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள்.

"இதையும் எடுத்துக்கங்க அக்கா. அண்ணன் நேத்து சாயங்காலம் கொண்டாந்து வெச்சிட்டுப் போனாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறீங்கன்னு நெனச்சேன்."

நஞ்சுண்டனின் ஆபீஸ் பை. பக்கத்தில் அவருடைய கறுப்பு ஷூ, பாலிஷ் போட்டு.

சாந்தாமணி அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் கராஜ் அலமாரியின் கீழ்த்தட்டு, இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்தே நஞ்சுண்டனுடையது. பயணம் கிளம்புகிற வேளை சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, பையையோ செருப்பையோ வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார். பரஸ்தானம் என்பார். அப்படி வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. ஊருக்குப் போகும் ஃப்ளைட் ராகு காலத்தில் என்றால், காலையிலேயே சூட்கேஸ் ஹபீஸா வீட்டுக்குப் போய்விடும். ஹபீஸாவின் கணவர் தஸ்தகீர்கூட, "இன்னைக்கு யாருக்கு டிராவல், பைக்கா அண்ணனுக்கா?" என்று கேலி செய்வார்.

வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை எமகண்டம். நாட்காட்டியில் போட்டிருந்தது.

பையின் ஜிப்பைத் திறந்தாள். இஸ்திரி போட்ட ஒரு சட்டை. ஷேவிங் செட். ஆபீஸ் பிரின்டரில் எடுத்த வழித்தாள், டென்டன், விச்சிட்டா ஃபால்ஸ், ரெட் ரிவர் பாலம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தது. முகாமிலிருந்து குடும்பங்களுக்கு வந்த அழைப்பு, நாலாக மடித்து, மடித்த இடம் பிய்ந்துபோகும் அளவுக்குப் பிரித்துப் பார்த்தது. அதற்குக் கீழே, ஃப்ரிட்ஜ் மேல் இருந்த கடிதத்தின் ஜெராக்ஸ்.

பையையும் ஷூவையும் டின்னையும் சுமந்துகொண்டு சாந்தாமணி தெருவைக் கடந்தாள்.

நஞ்சுண்டன் ஹாலில் நின்றிருந்தார். குளித்திருந்தார். பேன்ட்டுக்கு மேல் பனியன். சட்டையும் ஷூவும் அவள் கையில் இருந்ததால் அதற்கு மேல் போட அவரிடம் ஒன்றும் இல்லை.

"அந்தப் புள்ள வரலையாட்ட இருக்குது" என்றார், ஜன்னல் வழியே ஹபீஸா வீட்டைப் பார்த்து.

"ஆறு மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்குதுங்க."

"தெரியும். பையி நேத்தே கெளம்பிப் போயிருச்சு. நானும் பின்னால போகோணுமல்லோ."

சாந்தாமணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு சட்டையை நீட்டினாள்.

நஞ்சுண்டன் ஓட்ட, ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கார் தெருமுனையைத் தாண்டியது. ஜார்ஜ் புஷ் டர்ன்பைக்கில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. டென்டனும் தாண்டியது. வெளுத்த புல்வெளி, மாடுகள், காற்றாலைகள். விச்சிட்டா ஃபால்ஸைத் தாண்டியதும் நஞ்சுண்டன் கேட்டார்.

"அந்தம்மா எத்தனை வருசங் கழிச்சுப் போனா? பாரிஸுக்கு."

"இருபத்து நாலுங்க."

"அப்ப அவ புருசன்?"

"அதுக்குள்ள செத்துட்டானுங்க."

நஞ்சுண்டன் கண்ணாடியைச் சரி செய்தார். வண்டியின் வேகம் எழுபதிலிருந்து எண்பத்திரண்டுக்குப் போனது. வேக வரம்புப் பலகையைப் பார்த்து ஓட்டாத நஞ்சுண்டனை அவள் அன்றுதான் பார்த்தாள்.

எட்டு ஐம்பதுக்கு முகாம் தெரிந்தது. கேட்டுக்கு முன்னால் ஒரு மைல் நீளத்துக்குக் கார்கள். எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பது பத்து. வண்டி நத்தையாக நகர்ந்தது. ஒன்பது முப்பத்தைந்துக்கு அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். பார்க்கிங் நிரம்பியிருந்தது. இன்னும் ஒன்று, அதுவும் நிரம்பியிருந்தது. கடைசியில் ஏதோ ஒரு கட்டடத்தின் பின்னால் வண்டியைச் செருகிவிட்டு இறங்கியபோது மணி ஒன்பது ஐம்பத்தாறு.

மரங்களுக்கு அப்பால் புகை எழுந்தது.

வெள்ளையும் சிவப்புமாக, சுருள் சுருளாக. சாந்தாமணி அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு விரலால் சேர்த்துப் புரட்டுகிற அந்தப் பக்கம் கண்முன்னால் தானாகத் திறந்தது. வெடிச்சத்தம் கேட்டது. பிறகு கைத்தட்டல். பக்கத்தில் ஓடிய ஒரு பெரியவர், ஒன்றும் பயப்படாதீர்கள், பிள்ளைகள் புகைக்குள்ளிருந்து ஓடி வருவார்கள், அது வேடிக்கைக்காகத்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஓடினாள்.

புல்வெளிக்கு வந்தபோது எல்லாம் முடிந்து பாதி கலைந்திருந்தது. தொடப்பட்டவர்கள் அம்மாக்களின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தொடப்படாதவர்கள் அங்கங்கே, பிடுங்காமல் விட்ட நாற்றுப்போல, நேராக நின்றிருந்தார்கள். ஒரே தொப்பி, ஒரே பச்சை, ஒரே பூட்ஸ். எந்த முகமும் திரும்பாது. எந்தக் கையும் ஆடாது. தன் பிள்ளையின் நடையை வைத்துத்தான் தூரத்திலிருந்து அடையாளம் கண்டு பழக்கம் சாந்தாமணிக்கு. நிற்கிற பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நஞ்சுண்டன் முகங்களைப் பார்க்கவில்லை. சட்டைகளைப் பார்த்துக்கொண்டு ஓடினார். மார்பில் தைத்த பேர்களை ஒவ்வொன்றாக, டெஸ்ட் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி, வாய்க்குள் படித்துக்கொண்டே ஓடினார்.

நாலாவது வரிசையின் கடைசியில், கௌபாய் தொப்பி போட்ட ஒரு பெரிய அம்மாள், ஆள் வராத பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு விடுவித்துக்கொண்டு வந்தாள். நல்ல மனசுக்காரி. ஒல்லியான ஒரு பெண்ணின் முன்னால் நின்று, அன்பாகச் சிரித்து, கையைத் தூக்கினாள்.

"மேடம், ப்ளீஸ்." நஞ்சுண்டனின் குரல் உடைந்தது. "தட் இஸ் மை நேம்."

அந்த அம்மாள் திரும்பினாள். அவர் விரல் நீட்டிய இடத்தில், அந்தப் பெண்ணின் மார்பில், கறுப்பு நூலில், உடுமலையில் அவர் அப்பா அவருக்கு வைத்த பேர் இருந்தது. அவள் பேரைப் படித்தாள், அவரைப் பார்த்தாள், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

மாளவிகா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் கேட்டிருக்கும். கன்னத்தில் ஒரு தசை மட்டும் துடித்தது.

நஞ்சுண்டன் அவள் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. பேசுவதற்குக் காரிலேயே ஏதோ தயார் செய்து வைத்திருந்தார் போல. அது வரவில்லை. கையை நீட்டினார். குனிந்து, அவள் வலது புறங்கையை ஒரு விரலால் அழுத்தினார். சிவப்பு ஸ்டிக்கர் இருந்த இடம்.

அவள் அசையவில்லை. கண் நேராகவே இருந்தது. உதடு மட்டும் ஒரு நூல் பிரிந்தது.

"ஷோல்டர், அப்பா."

நஞ்சுண்டன் சிரித்தாரா, விம்மினாரா என்று சொல்ல முடியவில்லை. கையைத் தோளுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் சாந்தாமணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க."

"ஏம்புள்ள?"

"தொட்டா கெளம்பீருவாளுங்க."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

சாந்தாமணி மகளைச் சுற்றி நடந்தாள். கழுத்தில் வெயில் கறுத்த கோடு. தாடையில் ஆறிப்போன ஒரு கீறல், அதைப் பற்றி எந்தக் கடிதத்திலும் இல்லை. தோடு போடாமல் தூர்ந்துகொண்டிருந்த காதுத்துளை. தானாகப் பின்னல் போடத் தெரியாத பெண், முடியைத் தானே இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள், ஒரு மயிர் வெளியே வராமல். வீட்டில் இருந்த இருபது வருஷத்தில் இவள் ஒரு இடத்தில் நின்று பார்க்கக் கிடைத்ததில்லை. ஸ்கூல், டென்னிஸ், போன், மாடிப்படி. எப்போதும் முதுகுதான். இப்போது நிற்கிறாள். பார்க்கலாம்.

கண்ணீர்த் துளி ஒன்று மாளவிகாவின் கன்னத்தில் இறங்கியது. துடைக்க முடியாது. அது தாடைக் கீறல் வரை வந்து தங்கியது. சாந்தாமணி முந்தானையை எடுத்துப்போய், தொட்டதாகிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டாள்.

வரிசையின் ஓரத்தில் நின்ற சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு நிமிசம் நில்லு கண்ணு" என்றாள் சாந்தாமணி.

மாளவிகா நின்றாள்.

பிறகு இரண்டு கைகள் ஒரே தோளில் இறங்கின. மணி பத்து பதினொன்று. இரவு எட்டு மணிக்கு இன்னும் ஒன்பது மணி நாற்பத்தொன்பது நிமிஷம் இருந்தது.